நூறு கிலோமீட்டர் கோஸ்தான்

அன்று என் கணவர் சிவநேசனுக்கு ஓய்வு நாள். காலையில் பசியாறிக்கொண்டே, அவருடைய கூட்டாளி குணாளன் அனுப்பியிருந்த குரல் பதிவைப் போட்டார். அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த எனக்கும் நன்றாகக் கேட்டது. "தலைவா, என்னா ஆச்சி ஒனக்கு? அந்த கேம குப்ப, குப்பன்னு திட்டிட்டு, இப்ப கோஸ்தான்லயே நூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்க! பேட்ஜ் வேற குடுத்துருக்கான். எனக்கு போன்ல வந்திச்சிலா. அண்ணி கூட ஏதாச்சும் சண்டையா?" அவனுக்குப் பின்னால் மூன்று நான்கு பேர் சிரித்தார்கள். காடியை, அதாவது காரை, பின்னால் எடுப்பதை எங்கள் நாட்டில் கோஸ்தான் என்றுதான் சொல்வோம். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் ஒரே வார்த்தை. சிவநேசனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எவனோ என் அக்கவுண்ட்ட ஹேக் பண்ணிட்டான்லா," என்று போனைக் குடைய ஆரம்பித்தார். நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். அந்த எவன் நான்தான்.

அந்தக் கேம் எங்கள் வீட்டுக்கு வந்தது ஏதோ புது மாப்பிள்ளை வந்ததுபோலத்தான். மூன்று வருடமாக அதன் முன்னோட்டத்தை எத்தனை முறை பார்த்திருப்பாரோ, எனக்கே மனப்பாடம். ஒரு தீவு முழுக்க ரோடு. பனிமலை உச்சியிலிருந்து கடற்கரை வரை, நினைத்த பக்கமெல்லாம் காடி ஓட்டலாம், யாரோடு வேண்டுமானாலும் பந்தயம் விடலாம். கூலிம் தொழிற்பேட்டையில் இருபத்தைந்து வருடமாக மெஷின் பழுதுபார்க்கும் மனிதர், ஐம்பது வயதில் இதற்காக இரண்டு நாள் லீவு போட்டார். ஹாலில் ஸ்டியரிங்கை மேசையில் பூட்டி, கீழே பெடலை வைத்து, குணாளனையும் கூப்பிட்டார். நான் மீ கோரேங் பிரட்டிவைத்தேன். முதல் ஒரு மணி நேரம் ஒரே ஆரவாரம். அப்புறம் முனகல். சாயங்காலம் எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

"காடியாலா இது? சவுக்காரம் மாரி வழுக்குது," என்றார் சிவநேசன். "நான் பின்னுக்கு நின்னா முன்னால போறவன் நின்னு காத்துக்கிட்டிருக்கான். இதுக்கு பேரு ரேஸா? ஊரு இருக்கு, ஒரு மனுசன் இல்ல. எங்க பாத்தாலும் அதே மரம். அதுல மோதுனா கூட காடிக்கு ஒன்னும் ஆவ மாட்டுது!" மறுநாள் அந்த லீவை அவர் தூங்கியே கழித்தார். அதோடு சரி. ஸ்டியரிங் மட்டும் ஹாலில் கிடந்தது, தூசி தட்டும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது.

இப்போது என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் முதல் காடியை வாங்கி, மாரியம்மன் கோயிலுக்குப் பூசை போடக் கொண்டுபோனோம். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு காடியை முன்னே எடுக்க வேண்டும். நான் லைசென்ஸ் எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 'வீட்டு லட்சுமியே ஓட்டட்டும்' என்று என்னை உட்கார வைத்தது சிவநேசன்தான். அது அவருக்கு இப்போது ஞாபகம் வராது. கோயிலே திரண்டு நின்று பார்த்தது, மேளம் வேறு. பதற்றத்தில் தப்பான கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். காடி பின்னால் பாய்ந்தது. குருக்களின் மோட்டார் சைக்கிள் சாய்ந்தது; அது போய் அன்னதானப் பாயச அண்டாவைச் சாய்த்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான்கு எலுமிச்சம்பழமும் வைத்த இடத்தில் முழுசாக, மஞ்சளாக உட்கார்ந்திருந்தன. இடித்ததைவிட அதைத்தான் ஊர் பேசியது. பழம் நசுங்காத காடி விளங்குமா என்று கேட்டார்கள். அந்தக் காடி பதினொரு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்குச் சிவநேசன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கியதுதான், அப்புறம் அது என் கைக்கு வரவே இல்லை. கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே போனாலும் எனக்கு 'கோஸ்தான் வாசுகி' என்று பெயர். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். ஆனால் வருடம் தவறாமல் தபால் நிலையத்துக்குப் போய் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது.

எனக்கும் கூலிமில்தான் வேலை, வேறொரு தொழிற்சாலையில். பதினேழு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, கடுகைவிடச் சின்னதான சில்லுகளில் கீறல் பார்த்தவள். போன மாதம் என்னை லைன் லீடர் ஆக்கினார்கள். வரும் ஒன்றாம் தேதியிலிருந்து பதினெட்டுப் பேர் என் பொறுப்பு. கடிதத்தை வாங்கிக் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம். அதே வாரம் அறிவிப்புப் பலகையில் இன்னொரு தாளும் ஒட்டினார்கள். எங்கள் பக்கம் வரும் கம்பெனி பஸ் இந்த மாதத்தோடு நிற்கிறது. அந்தப் பஸ்ஸில் மிச்சமிருந்தது நானும் வனேசாவும்தான். மற்றவர்கள் எல்லாம் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே விடுதியில் இருக்கிறார்கள். "எனக்கு வீட்டுக்காரரு இருக்காரு, மோட்டர்ல விட்டுருவாரு. நீங்க எப்டிக்கா வருவீங்க?" என்று வனேசா கேட்டாள். எங்கள் தாமான் குடியிருப்பு செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. வாடகைக் காடிகூட உள்ளே வராது. சிவநேசனுக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு மதியம். அவர் மோட்டார் சைக்கிளில் போய்விடுவார். எங்கள் மைவி காடி பகல் முழுக்க போர்ச்சில் சும்மா நிற்கும். அதைக் காட்டினால், "சூசாவா, கஷ்டமா இருந்தா வேலய விட்டுரு. நான் என்ன ஒன்ன பட்டினியா போட்டுருக்கேன்?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு ஸ்டியரிங்கைத் தூசி தட்டிக்கொண்டிருந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கேமைப் போட்டதும் தொலைக்காட்சியில் ஒரு சிவப்புக் காடி உறுமிக்கொண்டு நின்றது. பெடலை மிதித்தேன். இரண்டாவது வளைவிலேயே ஒரு சுவரில் மோதினேன், பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் காடி புத்தம் புதிதாக நிற்கிறது. தெருவில் குருக்கள் இல்லை, அண்டா இல்லை, சிரிக்க ஒரு ஜனம் இல்லை. மறுபடி மோதினேன், இந்த முறை வேண்டுமென்றே. கடையில் மோதினேன், விளக்குக் கம்பத்தில் மோதினேன், ஒரு மரம் விடாமல் சாய்த்தேன். தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என் கணவர் எதையெல்லாம் சொல்லித் திட்டினாரோ, அதெல்லாம் எனக்கு வசதியாக இருந்தது. ஒரு தீவு அளவுக்குக் காலி மைதானம் வேறு யாருக்குக் கிடைக்கும்?

அதற்குப் பிறகு தினமும் இரண்டு மணி நேரம், சோறு வடித்துவிட்டு. கேம் என்னைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் கண்டுகொள்ளாமல் நாற்பதில் போய்ச் சிவப்பு விளக்கில் நின்றேன். பச்சை விழுந்தால் கிளம்பினேன். சிக்னல் போட அதில் பட்டன் இல்லாததால் 'இடது' என்று வாயால் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது வாரம் கோஸ்தானுக்கு வந்தேன். என்னை ஊர் சிரிக்க வைத்த கியர் அது. ஒரு கை பார்க்காமல் விடுவதாக இல்லை. சந்துகளில் ஆரம்பித்து, பாலங்களைத் தாண்டி, கடைசியில் ஒரு நாள் பனிமலை உச்சியிலிருந்து கடல் வரை பின்னாலேயே இறங்கினேன். கீழே வந்து நின்றதும் திரையில் தங்க நிறத்தில் ஏதோ பட்டம் கொடுத்தார்கள். அது ஊர் முழுக்கத் தெரியும், அதுவும் என் கணவர் பெயரில் தெரியும் என்று யாருக்குத் தெரியும்?

"ஒருத்தனும் ஹேக் பண்ணல," என்றேன் தோசையை அவர் தட்டில் வைத்துவிட்டு. "நான்தான் ஓட்டுனேன்."

"நீயா?" என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். "நீயா? கோஸ்தானா?" புரை ஏறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்.

"அடுத்த வாரம் பஸ்ஸு நிக்கிது. காடி சாவிய குடுங்க."

"கேம் வேற, ரோடு வேற, வாசுகி. அங்க மோதுனா ஒன்னும் ஆவாது."

"தெரியும். மோத வேண்டியதெல்லாம் அங்கயே மோதிட்டேன். முந்நூறு தடவ இருக்கும். இனிமே மோதுறதுக்கு எனக்கு பயமும் இல்ல, ஆசையும் இல்ல." "குணாளன்கிட்ட சொல்லுங்க, அத ஓட்டுனது கோஸ்தான் வாசுகின்னு."

அவர் மிச்சத் தோசையைத் தின்று முடித்தார். அப்புறம் எழுந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். கையில் கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, நான் எடுத்துக்கொண்டேன்.

போர்ச்சிலிருந்து காடியை எடுக்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. கேமில் காடிக்குக் கனமே கிடையாது. இது கனத்தது, அதிர்ந்தது, என் கால் சொன்னதை எல்லாம் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டது. தாமானைத் தாண்டினால் பெரிய ரோட்டுக்கு நான்கு கிலோமீட்டர் தோட்டப் பாதை. செம்மண், இரண்டு பக்கமும் ஆள் ஆழத்துக்குக் கால்வாய், ஒரு காடி மட்டும் போகும் அகலம். சிவநேசன் பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. "மெதுவா... குழி, குழி... லெப்ட்ட பாரு..." ஒரு கட்டத்துக்கு மேல் அது எனக்கு மழைச் சத்தம்போல ஆகிவிட்டது. மூன்று கிலோமீட்டர் போய்விட்டோம்.

கடைசி இறக்கத்தில் லாரி வந்தது. செம்பனைக் குலை தலைக்கு மேல் ஏற்றி, முக்கி முனகி ஏறி வந்து, எங்கள் மூக்குக்கு நேரே நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "யக்கா, இந்த லோட வச்சிக்கிட்டு நான் கோஸ்தான் போனா காவாய்லதான் கெடக்கணும். நீங்க போங்கக்கா." ஒதுங்க இடம் நூற்றைம்பது மீட்டர் பின்னால், குலைகளைக் குவித்து வைக்கும் மேடைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

சிவநேசன் பெல்டைக் கழற்றினார். "எறங்கு. நான் எடுக்குறேன்."

அவர் சொன்னது நியாயம்தான். இறங்கிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கலாம், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இப்போது இறங்கினால் ஒன்றாம் தேதியும் இறங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. பதினெட்டுப் பேரும் அந்தக் கடிதமும் அதோடு போய்விடும்.

"நான் எறங்கல," என்றேன். "நீங்க வேணும்னா எறங்கி பின்னால பாருங்க."

அவர் இறங்கிக் காடிக்குப் பின்னால் ஓடினார். கியரை R-இல் வைத்தேன். "வா, வா, வா... ரைட்டு ஒடி... போதும்! லெப்ட்டு, லெப்ட்டு!" வாய் ஒன்று சொல்ல, கை வேறொன்று காட்டியது. அவரைக் கேட்டிருந்தால் முதல் பத்து மீட்டரிலேயே கால்வாய்க்குள் போயிருப்பேன். இரண்டு பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்தேன். சக்கரத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில் தெரிந்த செம்மண் கோடு, அது ஒன்றுதான் எனக்கு உலகம். பாதி தூரத்தில் இடது பக்கக் கோடு மெலிந்துகொண்டே வந்து காணாமல் போனது. சக்கரத்தடியில் மண் பெயர்ந்து கல் ஒன்று கால்வாயில் விழும் சத்தம் கேட்டது. கேமாக இருந்தால் அப்படியே போயிருப்பேன். இங்கே நின்றேன். மூச்சை இழுத்து விட்டு, இரண்டடி முன்னால் எடுத்து, ஸ்டியரிங்கை நேராக்கி, மறுபடி பின்னால் போனேன். லாரிக்காரர் ஒரு முறைகூட ஹாரன் அடிக்கவில்லை. மேடை வந்ததும் காடியின் பின்பக்கத்தை உள்ளே நுழைத்து, அழகாக ஒதுங்கி நின்றேன். என் காது இரண்டும் சுட்டது. நான் எடுத்துவிட்டேன். நானே எடுத்துவிட்டேன்.

லாரி உரசாமல் கடந்தது. "தெர்பாய்க் லா யக்கா, பிரமாதம்!" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார் அந்த மனிதர். மேடையின் மேல் ஏறி நின்ற சிவநேசன் புழுதிக்குள் காணாமல் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தேன், யாரும் ஆரம்பித்து வைக்காமல், முதல் ஆளாக நானே.

கியரை முன்னால் போட்டுப் பாதைக்கு வந்தேன். கண்ணாடியில் புழுதி விலகி, தலையிலிருந்து கால் வரை சிவந்துபோய், ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிவநேசன் ஓடி வருவது தெரிந்தது. வாய் அசைந்தது. திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று அந்தத் தூரத்தில் சொல்ல முடியவில்லை. நான் பிரேக்கிலும் காலை வைக்கவில்லை, எண்ணெய்ப் பெடலையும் மிதிக்கவில்லை. இறக்கத்தில் காடி தானாக உருண்டுகொண்டிருந்தது, ஓடி வந்தால் பிடித்துவிடலாம் என்கிற வேகத்தில்.