உடற்கூறு மேசையில் திருமலை

1948ஆம் வருடம் ஆடி மாதத்திலிருந்து, ராயபுரம் வெள்ளத்துரை மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் பகலில் அறுத்த பிணம் மறுநாள் காலைக்குள் தழும்பில்லாமல் ஆறிவிடும். துறைமுகத்தில் ஒதுங்கிய அநாதைப் பிணம் அது. பதினெட்டு மாதங்களுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

மகள் பிரசவத்தில் வைத்தியம் கிடைக்காமல் இறந்தபின், வெள்ளத்துரை தன் கருப்பட்டி மூட்டைக் கிட்டங்கியைக் காலி செய்து அந்தக் கட்டடத்தில் தொடங்கிய கல்லூரி. ஏழு பேர் ஆட்சிக்குழு, ஒரு முதல்வர், நான்கு துறைகள், அறுபத்திரண்டு மாணவர்கள். பின்னாளில் பல்கலைக்கழகம் ஆகும் என்று சாசனத்திலேயே எழுதி வைத்திருந்தார். உடற்கூறுத் துறைக்கு டாக்டர் சுகிர்தம் தலைவர்.

1950 தை மாதம், திருவொற்றியூர் குப்பத்திலிருந்து அங்கம்மா வந்தாள். கட்டுமரம் கவிழ்ந்து காணாமல்போன புருஷன் திருமலையைத் தேடிக்கொண்டிருந்தவள். மேசையில் கிடந்தவரின் முகத்தைப் பார்த்தாள்; அவர்தான். அன்று அறுத்திருந்த முழங்கையைப் பார்த்தாள். காலையில் ஆறிவிடும் என்று சுகிர்தம் சொன்னார், அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

"காயம் ஆறுதுன்னா உசுரு கீதுன்னுதானே அர்த்தம், டாக்டரம்மா?"

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சுகிர்தம் அதன்பின் கத்தியைத் தொடவில்லை.

ஆட்சிக்குழு கூடி, திருமலை இறந்தவரே என்று தீர்மானம் போட்டது. துறைத் தலைவர் கையெழுத்துதான் பாக்கி. அங்கீகாரம் தர அதிகாரிகள் வருவதற்கு நான்கு நாட்கள் இருந்தன. மேசையில் உடல் இல்லாவிட்டால் அங்கீகாரம் கிடையாது.

"ஒரு பொணத்துக்காவ அறுவத்திரெண்டு பிள்ளையளத் தெருவுல விடுதியளா?" என்று கேட்டார் வெள்ளத்துரை.

"பொணம்னு எழுத எனக்குக் கை வரல, அண்ணாச்சி."

மறுநாள் சுகிர்தமே கைவண்டி பிடித்துத் திருமலையை அங்கம்மாவோடு அனுப்பிவைத்தார். அதிகாரிகள் வெறும் மேசையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சித்திரையில் கல்லூரி மூடப்பட்டது. மாணவர்கள் சிலர் மருந்துக்கடைகளில் சேர்ந்தார்கள். இருவர் பெரம்பூர் ரயில் பட்டறைக்குப் போனார்கள். ஒருவரும் டாக்டராகவில்லை. வெள்ளத்துரை சாகும்வரை சுகிர்தத்தோடு பேசவில்லை. செய்தது சரிதானா என்று சுகிர்தத்துக்கும் கடைசிவரை தெரியவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் குப்பத்துக்குப் போய்த் திருமலையின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். நாடி இருக்காது, சூடும் இருக்காது. நகம் வளர்ந்திருக்கும். அங்கம்மா வெட்டிவிடுவாள்.

1951இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் குடிசைக்குள் எட்டிப் பார்த்து, பாயில் கிடப்பவருக்கு என்ன தொழில் என்று கேட்டார்.

"கடலுக்குப் போவாரு. இப்ப ஒடம்பு சொகமில்ல."

இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.