கூண்டு இல்லாத அறை

மேல்கோர்ட் அறைக்குள் போனதும் நான் தேடியது கூண்டைத்தான். குற்றவாளிக்கும் இல்லை, சாட்சிக்கும் இல்லை. உயரத்தில் மூன்று நாற்காலிகள், கீழே வக்கீல்களின் மேசை, அதன்மேல் கட்டுக்கட்டாய்க் காகிதம். என் தம்பியை எங்கே நிறுத்துவார்கள் என்று, மேல்முறையீட்டுக்கு நாங்கள் அமர்த்தியிருந்த பெரிய வக்கீலிடம் கேட்டேன்.

"அவரைக் கூட்டிட்டு வரமாட்டாங்கம்மா. மேல்முறையீட்டுல ஆளைப் பாக்கறதில்ல. கீழ்க்கோர்ட்டுல பதிவானதை மட்டும்தான் பாப்பாங்க."

கீழ்க்கோர்ட்டில் நடந்தது வேறு, பதிவானது வேறு.

கொலை நடந்த கிடங்கின் காவல்காரர்தான் ஒரே சாட்சி. "நீங்க பாத்தது இவரைத்தானா?" என்று அரசு வக்கீல் தம்பியைக் காட்டிக் கேட்டபோது, இல்லை என்று தலையாட்டினார். கோர்ட்டே பார்த்தது. பிறகு சுவரோரம் நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார், "ஆமா" என்றார். தட்டச்சுக்காரி அந்த ஆமாவைத் தட்டினாள். தலையாட்டலுக்கு அவள் மெஷினில் எழுத்து ஏது?

தம்பிக்காக வாதாடியவர் எங்கள் சித்தப்பா. சாட்சி தலையாட்டி மறுத்ததைப் பதிவு செய்யச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெளியே வந்து மீசையைத் தடவிக்கொண்டு, "ஜட்ஜே கண்ணால பாத்துட்டாரு, அதை வேற நான் சொல்லணுமா? கேஸ் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ" என்றார். முடிந்துதான் போனது, ஆயுள் தண்டனையில். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நடு நாற்காலி நீதிபதி மிகவும் மென்மையாகப் பேசினார். அந்த மென்மைதான் என்னைப் பயமுறுத்தியது.

"சாட்சி தலையாட்டினார்னு எந்தப் பக்கத்துல இருக்கு?"

"பதிவாகலை, மை லார்ட்" என்றார் பெரிய வக்கீல்.

"அப்ப யாராவது ஆட்சேபிச்சாங்களா?"

"இல்லை."

"சாட்சியை நேர்ல பாத்தவர் கீழ்க்கோர்ட் நீதிபதி. அவர் நம்பியிருக்கார். பாக்காத நாங்க எதை வெச்சு அதுல கைவைக்கிறது?"

பின்னால் கதவு கிரீச்சிட்டது. திரும்பினேன். காவல்காரர். போன வாரம் அவர் வீட்டு வாசலில் நான் கெஞ்சியபோது கதவைச் சாத்தியவர், கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். பெரிய வக்கீலின் தோளைத் தொட்டுக் காட்டினேன். அவர் எழுந்து, அந்தச் சாட்சியே வந்திருக்கிறார், ஒரு நிமிடம் விசாரியுங்கள் என்று கேட்டார்.

"அவரை ஏற்கனவே முழுசா விசாரிச்சாச்சு. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கற இடம் இது இல்ல."

மூவரும் தலையைச் சாய்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு நடுவிலிருந்தவர் தீர்ப்பைச் சொல்லத் தொடங்கினார். கீழே ஒரு தட்டச்சுக்காரி தட்டிக்கொண்டே போனாள்.

"சாட்சி எந்தத் தயக்கமும் இன்றி குற்றம் சாட்டப்பட்டவரை அடையாளம் காட்டியுள்ளார்."

கடைசி வரிசையில் காவல்காரர் இல்லை, இல்லை என்று தலையாட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அன்றைக்குப் போலவே அந்த இல்லையை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"சித்தப்பா, அங்க பாருங்க" என்றேன்.

பார்த்தார். எழுந்தார். "மை லார்ட், சாட்சி தலையாட்டறார். தயவுசெஞ்சு அதைப் பதிவு செய்யுங்க."

நீதிபதி காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெரியவரே, உட்காருங்க" என்றார் அதே மென்மையுடன்.

தட்டச்சுக்காரி விரல்களைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது" என்றார் நீதிபதி.

அதை மட்டும் தட்டினாள்.