சுதாஜினி கீறிய இரண்டு மலைகள்

புதுக்குடியிருப்பிலிருந்து மூன்று கட்டை தூரம் தள்ளி, சுதாஜினியின் தகப்பன் காடு வெட்டித் திருத்திய இரண்டு ஏக்கர் காணியில், போன ஆவணி மாதம் இரண்டு மலைகள் எழும்பின. பெரிய மலைகள் என்று சொல்ல முடியாது. மூன்று தென்னை உயரம் வரும். இரண்டும் நீலம். வன்னியில் ஏது மலை என்று கேட்கிறவர்கள் வந்து பார்க்கலாம். நாளுக்கு நாலு பஸ் ஓடுகிறது, ரெண்டுமலையடி என்றால் கொண்டக்டர் இறக்கிவிடுவார்.

சுதாஜினிக்கு வயது நாற்பத்திரண்டு. உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் சேட்டுக்குக் கை பொருத்துகிற வேலை, இருப்பது தங்கை கஜனி வீட்டின் பின்னறை. காணிப் பெர்மிட் சண்டையில் இடம்பெயர்ந்த வருடம் எந்தப் பங்கருக்குள் போனதோ தெரியாது. திரும்பி வந்து பார்த்தால் வளவெல்லாம் பற்றை, பற்றைக்குள் காட்டு இலாகாக் கந்தோர்க்காரர் எல்லைக்கு நட்ட சீமெந்துக் கட்டைகள். இது என்றைக்கும் காடுதான், வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். பதின்மூன்று வருடமாக ஒரே படிவத்தை நிரப்பினாள். கடைசிப் பக்கத்தில் காணியின் பரும்படிப் படம் கீற ஒரு பெட்டி. ஒவ்வொரு முறையும் நாலு கோடு, நாலு திசை, தூர்ந்த கிணற்றுக்கு ஒரு வட்டம். ஒவ்வொரு முறையும் இல்லை என்ற அதே பதில். அலுத்துப்போனாள். காணி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இனி அந்தக் காணிக் கந்தோர் வாங்குப் பலகையில் இருக்காமல் விட்டால் போதும் என்றுகூடச் சில நாள் நினைத்தாள். போதாததற்கு இதுதான் கடைசித் தவணை, இதையும் விட்டால் காணி காட்டோடு சேர்ந்துவிடும் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்.

அந்தக் கடைசித் தவணைக்குப் படிவத்தோடு காலை ஏழு மணிக்கு வந்து இருந்தவள் பதினொன்றரைக்கும் அதே வாங்கில் இருந்தாள். பக்கத்தில் சரீபா, புத்தளத்திலிருந்து திரும்பி வந்தவர், அவருக்கும் ஒரு காணிப் பிரச்சினை. சுதாஜினி பெட்டிக்குள் நாலு கோடு போட்டாள். பிறகு, ஏன் என்று அவளுக்கே தெரியாது, வடக்கு எல்லையில் ஒரு கூம்பு போட்டாள். பக்கத்தில் இன்னொன்று. நடுவில் அரைச் சூரியன். இந்தப் பிழை வன்னிப் பிள்ளைகள் எல்லாருக்கும் உண்டு. 'எங்கள் ஊர்' என்று படம் கீறச் சொன்னால், பிறந்ததிலிருந்து ஒரு மேட்டைக்கூடக் காணாத பிள்ளை முதலில் இரண்டு மலையைத்தான் கீறும். முகாமில் கொடுத்த கடதாசியிலும் பிள்ளைகள் அதைத்தான் கீறினார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அவள் கைக்கு வழி மறக்கவில்லை: மலையிலிருந்து ஆறு, ஆற்றங்கரையில் வீடு, கதவு ஒன்று, ஜன்னல் இரண்டு, வீட்டைவிட உயரமான ஒரு பூ. சரீபா எட்டிப் பார்த்து, வீட்டடியில் ஆறு இன்னும் அகலிக்கவேணும் என்றார். அகலமாக்கினாள். அத்தனை சனத்துக்கு நடுவில், இந்த வயதில், வாய்விட்டுச் சிரித்தாள். சந்தோஷம்தான், வேறென்ன. அது எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

படிவத்தை வாங்கிய காணி லிகிதர் முத்துலிங்கம் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்.

“பிள்ளை, இஞ்ச எங்க மலை?”

“இல்லை ஐயா. கை தன்பாட்டில கீறிப்போட்டுது.”

வேறு படிவமும் கையில் இல்லை, இதைத்தான் மேலே அனுப்பவேண்டும், பதின்மூன்று வருடத்தையும் ஒரு பேனையால் கெடுத்துவிட்டாயே என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். சுதாஜினி அழவில்லை. களைத்த ஆட்களுக்கு அழுகிறதும் ஒரு வேலை. காணி போயிற்று என்று கஜனியிடம் சொல்லிவிட்டு மறுநாள் கை பொருத்தப் போய்விட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து முத்துலிங்கமும் காட்டுக் கந்தோர் உத்தியோகத்தரும் அவளையும் கூட்டிக்கொண்டு காணி பார்க்க வந்தபோது மலைகள் நின்றன. தொட்டால் விரலில் மை பிடித்தது. ஆறு வீட்டடியில் அகலமாக ஓடியது, பூ கூரைக்கு மேலால் நின்று ஆடியது. முத்துலிங்கம் படிவத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், ஒவ்வொன்றுக்கும் சரி போட்டார். உத்தியோகத்தர் தன் வரைபடத்தை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் மலை இல்லை. அவர் நேர்மையான மனிதர், பாவம். தங்கள் காட்டில் மலை கிடையாது, ஆகவே இது தங்கள் காடு அல்ல என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். கட்டைகளைப் பிடுங்க ஆள் அனுப்புவதாகவும் சொன்னார்.

சுதாஜினி முத்துலிங்கத்தின் பேனையை வாங்கித் தன் கையொப்பத்தை வைத்துவிட்டு வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. பிள்ளைகள் கீறுகிற கதவுக்குப் பிடி இருக்காது. அந்தப் பேனையாலேயே ஒரு பிடி கீறி, அதைத் திருகி உள்ளே போனாள். உள்ளே ஒரு சாமானும் இல்லை. நாலு சுவரும் வெறும் வெள்ளை.

பிந்தினால் பஸ் போய்விடும் என்று முத்துலிங்கம் வெளியில் நின்று பேனையைக் கேட்டார்.

“கொஞ்சம் நில்லுங்கோ ஐயா, இன்னும் முடியேல்லை” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, பேனை இல்லாமலே பஸ்ஸுக்கு நடந்தார்.