கட்சால் காப்பி

நாகலிங்கம் சார் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார் என்று அருண்பிரசாத் சொன்னதும் உமா மகேஸ்வரி கேட்ட முதல் கேள்வி, "அந்த மனுஷனுக்கு எந்தப் பிராணியோட காப்பி வேணுமாம்?" என்பதுதான்.

கேட்டதில் தப்பில்லை. மெயின்லேண்டிலிருந்து போர்ட் பிளேருக்கு மேலதிகாரியாக வந்து இறங்கிய நாளிலிருந்து நாகலிங்கம் ஆபீஸ் வேலையைப் பற்றிப் பேசியதைவிடக் காப்பியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். இந்தோனேசியாவில் புனுகுப்பூனை தின்று வெளியே தள்ளுகிற கொட்டை, தாய்லாந்தில் யானைச் சாணத்திலிருந்து பொறுக்குகிற கொட்டை, பிரேசிலில் ஏதோ ஒரு பறவையின் எச்சத்தில் கிடைக்கிற கொட்டை. இவையெல்லாம் கண்ணாடிக் குப்பிகளில் அவர் வீட்டு ஷோகேஸில் இருந்தன. மனுஷன் பறித்ததை மனுஷன் குடித்தால் அவருக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது என்று உமா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் இந்தத் தடவை சிரிக்க முடியவில்லை. அருண்பிரசாத்தை நிக்கோபார் பக்கம் கட்சால் தீவுக்கு மாற்றப்போவதாகப் பட்டியல் தயாராகியிருந்தது. அதிலிருந்து ஒரு பேரை எடுத்துவிட்டு இன்னொரு பேரைப் போட நாகலிங்கம் ஒருவரால்தான் முடியும். உமாவுக்கு ஐந்தாம் மாதம். மூத்தவன் அஸ்வின் பிறந்தபோது அருண்பிரசாத் அந்தமானின் வடகோடியில் திக்லிபூரில் இருந்தான். மழையில் ரோடு அறுந்து பஸ் இல்லை, கப்பலும் கிளம்பவில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜெயலட்சுமி. தகப்பன் வந்து சேர்ந்தபோது பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுந்துவிட்டிருந்தது. அதை உமா இன்னும் யாருக்கும் மன்னிக்கவில்லை, கடலுக்கும்கூட.

"இன்னொரு தடவை ஜெயலட்சுமியைக் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன். அந்த ஆள் காலைப் பிடிப்பீங்களோ, கப்பைப் பிடிப்பீங்களோ, அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டாள்.

அருண்பிரசாத் கப்பைப் பிடிப்பதென்று முடிவு செய்தான். ஆன்லைனில் புனுகுப்பூனைக் காப்பி ஒரு டப்பா வாங்கினான். அந்தக் கடைக்காரன் தீவுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன் என்றதால் சென்னையில் மச்சான் வீட்டுக்கு அனுப்பச் செய்தான். லீவு முடிந்து திரும்புகிற ஆபீஸ் நண்பன் சண்முகம் அதைக் கையோடு கொண்டுவருவதாக ஏற்பாடு. இந்த ஊரில் யார் விமானம் ஏறினாலும் பாதிப் பெட்டி அடுத்தவன் சாமான்தான். "ஸ்பெஷலா ஒண்ணு வெச்சிருக்கேன் சார்" என்று நாகலிங்கத்திடம் முன்கூட்டியே ஆசையும் காட்டிவிட்டான். அவசரக்குடுக்கை என்று உமா திட்டினாள்.

ஞாயிறு காலை சண்முகம் வந்த விமானம் போர்ட் பிளேருக்கு மேலே மேகத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்க முடியாமல் சென்னைக்கே திரும்பிப் போய்விட்டது. பூனைக் காப்பியும் கூடவே போனது.

நாகலிங்கத்தின் கார் வாசலில் நின்றபோது வீட்டில் இருந்தது அபெர்தீன் பஜாரில் சாகுல் ஹமீது கடைக் காப்பித்தூள் மட்டும்தான். அதில் பாதி சிக்கரி. கடற்காற்றில் நமுத்துக் கட்டிதட்டிக் கிடந்தது. உமா அதை இரும்புச் சட்டியில் போட்டுப் புரட்டினாள். நாகலிங்கத்தின் செருப்புச் சத்தம் கேட்டுக் கவனம் சிதறியதில் தூள் தீய்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே வடிகட்டிக் கொண்டுபோய் வைத்தாள்.

பால் வேண்டாம் என்றார் நாகலிங்கம். சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். சட்டைப்பையிலிருந்து சின்னதாக ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக் கப்பில் விட்டுப் பார்த்தார். காப்பிக்குக் காய்ச்சல் பார்க்கிற ஆளை உமா அன்றுதான் கண்டாள். பிறகு ஒரு வாய் காப்பியை அப்படியே காற்றோடு சேர்த்து உறிஞ்சினார். அஸ்வின் அந்தச் சத்தத்தோடு உறிஞ்சியிருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"புகை வாசம்" என்றார் நாகலிங்கம். "அடியில கொஞ்சம் மண். அப்புறம் ஏதோ ஒரு உப்பு. இது எந்த நாட்டுச் சரக்கு அருண்?"

அருண்பிரசாத் உமாவைத் திரும்பிப் பார்த்தான். உமாவுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு இளப்பம் பொங்கியது. தீய்ந்த சிக்கரியைக் குடித்துவிட்டு நாடு கேட்கிற இந்த ஆளுக்கு ஒரு நாடு கொடுத்தால்தான் என்ன என்று தோன்றியது. மாற்றல் ஆர்டர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்ததால் அந்தப் பேர்தான் நாக்கில் முதலில் வந்தது.

"கட்சால், சார்."

"கட்சாலா? அங்க ரப்பர்தானே?"

"ரப்பர் தோட்டத்துக்கு சிலோன்லேருந்து வந்து குடியேறினாங்களே, அவங்க கொண்டாந்து வெச்ச செடி சார். சுனாமில எல்லாம் போயிடுச்சு. மேட்டுல நாலஞ்சு மரம்தான் மிச்சம். கடல் தண்ணி மண்ணுல இறங்கிட்டதால அந்த உப்பு ருசி."

சுனாமி என்று சொன்னபோது உமாவுக்கே உறுத்தியது. கூடப் படித்த புஷ்பா கட்சால்காரி, அந்த அலையில் அப்பாவைப் பறிகொடுத்தவள். அவள் காதில் இது விழுந்தால் மூஞ்சியில் துப்புவாள். அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாகலிங்கம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து வாயைப் பிளந்தபடி கேட்டதில் ஒரு போதை இருந்தது. வெளியாளுக்குக் கொடுக்க மாட்டார்கள், தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் ஒரு கைப்பிடி என்று மேலும் நாலு வார்த்தை சேர்த்து விட்டாள்.

"உலகத்துல யார்கிட்டயும் இல்ல" என்றார் நாகலிங்கம் மெதுவாக. அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

அப்புறம் அருண்பிரசாத்தின் முழங்காலில் தட்டினார். "உன் பேரை எடுத்துட்டு வேற ஒருத்தனைப் போடலாம்னுதான் நெனைச்சிருந்தேன். நல்லவேளை போடல. அங்க உனக்கு ஆள் பழக்கம் இருக்கு. வேற எவனையாவது அனுப்பினா அந்த மரத்தை விறகா வெட்டிடுவான். நீ போ. மாசாமாசம் எனக்குக் கொஞ்சம் அனுப்பிடு. கொட்டையா வேண்டாம், அவங்க கைப்பக்குவம் மாறாம வறுத்து அரைச்சே வரட்டும்."

உமா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சார், நான் பொய் சொல்லிட்டேன். இது சாகுல் ஹமீது கடைத் தூள். சட்டில தீஞ்சுபோச்சு."

நாகலிங்கம் சிரித்தார். அவ்வளவு பரிவாக ஒரு மேலதிகாரி சிரித்து உமா பார்த்ததில்லை. "புரியுதும்மா. இப்படி ஒரு சரக்கு கையில இருந்தா நானும் மறைப்பேன். பயப்படாத, வெளிய சொல்ல மாட்டேன்."

"நெஜமா சார். உள்ள பாக்கெட் இருக்கு, காட்டட்டுமா?"

"கடைத்தூளுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதவனாம்மா நான்? இத்தனை வருஷமா எதுக்கு இந்த நாக்கை வெச்சிருக்கேன்?"

அதற்கு மேல் சொன்னால், சார் உங்கள் நாக்கு ஒன்றுக்கும் ஆகாதது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னவள் புருஷனைக் கட்சாலில்கூட விட்டுவைக்க மாட்டார்கள். உமா காலிக் கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் போன பிறகு அருண்பிரசாத் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கப்பலேறும்போது அவன் டிரங்குப் பெட்டியில் பாதி இடத்தைச் சாகுல் ஹமீது கடைத் தூள் அடைத்துக்கொண்டது. கட்சாலிலிருந்து கட்சால் காப்பி வர வேண்டுமே. உமாவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு அடுப்படியில் நின்று, சரியாக அந்த அளவுக்குத் தீய்த்து, பாலிதீன் பையில் போட்டு ஒட்டினாள். வேண்டுமென்றே தீய்ப்பது அவ்வளவு சுலபமில்லை. முதல் சட்டி பாழாகவில்லை என்பதால் தூரக் கொட்ட வேண்டியதாயிற்று. போர்ட் பிளேரில் வாங்கிய தூள் கடல் தாண்டிக் கட்சாலுக்குப் போய், அங்கிருந்து மறுபடி கடல் தாண்டிப் போர்ட் பிளேருக்கு வந்து, ஷோகேஸில் யானைக்கும் பூனைக்கும் நடுவில் உட்கார்ந்தது. அதைப் பார்க்க ஆபீசிலிருந்து ஆட்கள் போய்வருவதாக ஜெயலட்சுமி சொன்னாள்.

ஜூலையில் கடல் முறுக்கிக்கொண்டது. தேதிக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. ஜெயலட்சுமி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பெண் குழந்தை. அருண்பிரசாத்துக்குப் போன் போகவேயில்லை.

மறுநாள் சாயங்காலம் நாகலிங்கம் வார்டுக்கு வந்தார். ஒரு கையில் ஆப்பிள், இன்னொரு கையில் பிளாஸ்க். குழந்தையை எட்டிப் பார்த்து, "அருண் மூக்கு" என்றார்.

"அவர்கிட்டேருந்து ஏதாவது தெரிஞ்சுதா சார்? கப்பல் கிளம்பிடுச்சா?"

"கப்பல் எல்லாம் கேன்சல்மா. நேத்தே வயர்லெஸ்ல அவனுக்குச் சேதி சொல்லிட்டேன். காலைல அங்கேருந்து ஹெலிகாப்டர் ஒண்ணு வந்தது. அருண் சீட்டுக்காக ரொம்ப அலைஞ்சானாம். மெடிக்கல் கேஸ் ரெண்டு இருந்ததால கிடைக்கல, பாவம்." பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினார். "காப்பிப் பாக்கெட்டுக்கு மட்டும் நான் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன், அது பத்திரமா வந்துடுச்சு. யாருக்கும் கொடுக்கறதில்ல. இன்னைக்கு உனக்காகத்தான் பிரிச்சேன், குடி."

தீய்ந்த வாசம் வார்டு முழுக்கப் பரவியது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். அதை அவர் முகத்தில் ஊற்ற உமாவுக்குக் கை பரபரத்தது. அடுத்த மாற்றல் பட்டியலும் இவர் கையில்தான் இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. ஒரு வாய் குடித்தாள். இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு சார்" என்றாள்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் மிச்சத்தையும் குடித்தாள்.