பல்பு மூச்சு வாங்காது

மகாராஜபுரத்தில் மூணு பேஸ் கரண்டு வந்துவிட்டதை வெள்ளத்தாய் மிஷின் அலாரத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வாள். தோட்டக்காரர்கள் எல்லாரும் மோட்டார் ஸ்டார்டரைத் தானே கிளம்பும்படி ஆட்டோவில் போட்டுவைத்திருப்பார்கள். கரண்டு வந்த நொடியில் ஊர் மோட்டார்கள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். வெள்ளத்தாயின் வீடு லைனின் கடைசியில் இருந்தது. அங்கே வோல்டேஜ் அதலபாதாளத்துக்குப் போகும். கட்டிலருகே இருக்கும் ஆக்சிஜன் மிஷின் அலறிவிட்டு நின்றுபோகும்.

ராஜபாளையத்து மில்லில் கழிவுப்பஞ்சு பிரித்துப் பிரித்தே அவளுடைய நுரையீரல் கெட்டது. மகன் சோலைராஜ் அதே மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தவன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டான். மிஷின் நின்றால் சின்ன சிலிண்டரை மாட்டுவான். அது நாள் முழுக்க வராது. கடையில் வாங்கின ஸ்டெபிலைசரோ, வோல்டேஜ் ரொம்பக் குறைந்தால் தானே அணைந்துகொண்டது.

"டவுன்ல வீடு பாக்கப் போறேன்" என்றான்.

"நீ வேணா போலே. அந்த மில்லுச் சங்கு கேக்குற எடத்துக்கு நான் வரமாட்டேன்" என்றாள் வெள்ளத்தாய். மூச்சு வாங்கிக்கொண்டு, "பொணமாத் தூக்கிட்டுப் போ" என்று முடித்தாள்.

கடைசியாக அவன் போனது ராஜபாளையத்தில் நைனா முகமது கடைக்கு. நைனா மோட்டாருக்குக் காயில் கட்டுவார். அவர் மனைவி ஹாஜரா சர்க்யூட் போர்டு வேலை பார்ப்பாள். கடை முழுக்கச் செத்த சாமான்கள்.

"வோல்டேஜ் எம்புட்டு கீழ போகுது?" என்றுதான் ஹாஜரா முதலில் கேட்டாள்.

"ரொம்பப் போகுதுக்கா."

"ரொம்பன்னு மீட்டர்ல எங்கயும் எழுதலையேண்ணே. அளந்துட்டு வாங்க."

அளந்துவிட்டு வந்தான். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று முப்பத்தெட்டு.

அவள் கருகிப்போன பிரிட்ஜ் ஸ்டெபிலைசர் ஒன்றைப் பிரித்து டிரான்ஸ்பார்மரை எடுத்தாள். பழைய யுபிஎஸ் ஒன்றிலிருந்து ரிலேக்களை உருவினாள். வோல்டேஜ் குறையக் குறைய டிரான்ஸ்பார்மரின் அடுத்த படிக்கு மாற்றிவிடுவது ரிலேயின் வேலை. அவ்வளவு ஆழத்துக்கு இருந்த படிகள் போதவில்லை. கம்பியைப் பிரித்து இன்னும் ஒரு படி கூட்டிச் சுற்றினார் நைனா.

"செத்தது அம்புட்டையும் ஒட்டி ஒரு ஆளை எழுப்பப் போறியாக்கும்" என்றார்.

"நீங்க காயிலைச் சுத்துங்க. வாயைச் சுத்தாதீங்க" என்றாள் ஹாஜரா.

டிவிடி பிளேயர் கூட்டுக்குள் எல்லாம் அடங்கியது. சோலைராஜுக்கு நம்பிக்கையே இல்லை. குப்பையிலிருந்து குப்பைதான் வரும் என்று நினைத்தான். ஹாஜரா மூடியைத் திறந்து காட்டினதும் குனிந்து பார்த்தான். ஒயர்கள் நூலால் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. பியூஸ், எர்த், சூடு வெளியேற ஓட்டைகள், எதையும் அவள் விடவில்லை. மில்லில் புத்தம்புது பேனல்களைத் திறந்து பார்த்திருக்கிறான். இத்தனை சுத்தமாக ஒன்றையும் பார்த்ததில்லை. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இன்னொரு பெட்டியைத் திருகித் திருகி, பெரிய பல்பைப் போட்டுச் சோதித்தாள். பல்பு அசையாமல் எரிந்தது.

மறுநாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி ஹாஜராவே வந்துவிட்டாள். மிஷினை மாட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

மூணு பேஸ் வந்தது. பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். பிறகு டக்டக்டக்கென்று நிற்காமல் அடித்தது. மிஷின் திணறி அலறிவிட்டு நின்றது.

சோலைராஜ் சிலிண்டரை மாட்டினான். அதன் முள் பாதிக்குக் கீழே நின்றது.

"ஏ புள்ள, உன் பெட்டிக்கும் எனக்கு மாதிரி இழுப்பு வந்துருச்சே" என்றாள் வெள்ளத்தாய்.

ஹாஜரா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ போடுங்கண்ணே" என்று மிஷின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இன்னொரு கையைப் பெட்டி மேல் வைத்தாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு தானே சுவிட்சை அணைத்தாள்.

"பல்பைப் போட்டுப் பாத்தது என் தப்பு. பல்பு மூச்சு வாங்காது. இந்த மிஷினு வாங்குது. உள்ள கம்ப்ரசர் ஒவ்வொரு தடவ அமுக்குறப்பவும் லைனு தாழுது, விட்டா ஏறுது. அதைப் பாத்து ரிலே அரண்டுபோய் ஏத்தி எறக்குது."

"இப்ப என்ன செய்யக்கா?"

"வீட்டுல செத்துப்போன போன் சார்ஜர் கெடக்கா?"

கிடந்தது. உடைத்து அதிலிருந்து, கரண்டைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும் கப்பாசிட்டரை எடுத்தாள். பையிலிருந்த சூட்டுக்கோலைப் பிளக்கில் மாட்டினாள். அதற்குக் கூடக் கரண்டு போதவில்லை, ஈயம் இளகவில்லை. சோலைராஜைக் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி, முனையைத் தீயில் காட்டிக் காட்டி, கப்பாசிட்டரை ரிலேயோடு ஈயம் வைத்து ஒட்டினாள். ஆக்சிஜன் சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் அதை ஒரு தடவை பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. கை அவசரப்படவும் இல்லை.

"ஏத்துறதுக்கு ஒடனே ஏத்தட்டும். எறக்குறதுக்கு முன்னாடி செத்த நேரம் யோசிக்கட்டும்" என்று மூடியைத் திருகினாள்.

போட்டதும் மிஷின் ஓடியது. ஆனால் இது ஏற்கெனவே விழுந்து கிடக்கும் வோல்டேஜ். மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும் அந்த நொடியைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஹாஜரா கடைசி பஸ்ஸுக்கு முன் கிளம்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்டு போனது. மறுபடி மாட்டின சிலிண்டரில் அடிமட்டம்தான் மிச்சம். வெள்ளத்தாய் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சோலைராஜ் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கரண்டு வந்தது. பேன் சுற்ற மனமில்லாமல் அசைந்தது. பெட்டிக்குள் டக். கொஞ்சம் விட்டு இன்னொரு டக். அவ்வளவுதான். மிஷின் ஒரே சீராக இழுத்து விட்டது. சோலைராஜ் குழாயை மிஷினுக்கு மாற்றி மாட்டினான். ஹாஜரா டிரான்ஸ்பார்மர் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தட்டில் மிச்சமிருந்த சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. யாரையும் மெச்சிப் பழக்கமில்லை. "கொழம்பு ஊத்தட்டாக்கா?" என்றான்.

வெளியே மோட்டார் இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வெள்ளத்தாய் கண்ணைத் திறந்தாள்.

"ஏலே, மூணு பேஸ் இன்னும் வரலையா?"