அடியில் ஒரு குறுக்குக் கோடு

கிடங்கில் என்னை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த சாக்குகளைத் தைப்பது என் வேலை. லாரியிலிருந்து இறக்கும்போது கொக்கி பட்டுக் கிழிந்தது, எலி கடித்தது, ஈரத்தில் இற்றுப்போனது எல்லாம் என் பக்கம் வந்து குவியும். கோணி ஊசியில் சணல் கோத்து, கிழிசலை உள்ளே மடித்துத் தைத்துத் தள்ளுவேன். எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம். இரண்டு தரம் தையல் விழுந்த சாக்கில் மறுபடி தானியம் போடமாட்டார்கள். உமி அடைப்பார்கள், இல்லையென்றால் வாசலில் கால் துடைக்கப் போடுவார்கள்.

என் வயிற்றிலும் இரண்டு தையல். மூன்றாவது பிள்ளைக்கு ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தபோது இந்த வழக்கம்தான் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

"ஊசி, நீ இனிமே உமி மூட்டைதான்டி," என்று பக்கத்தில் தைக்கும் பெரியக்கா சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

சாவைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. சின்னவன் பிறந்தபோது முதுகில் ஊசி போட்டார்கள். கால் மரத்தது. வயிறு முழுதாக மரக்கவில்லை. கத்தி வைத்தது தெரிந்தது. "தெரியுது," என்றேன். "தொடறது தெரியும்மா, வலி தெரியாது, பயப்படாதே," என்று தலைமாட்டில் ஒரு குரல் சொன்னது. எனக்குத் தெரிந்தது வலிதான். இரண்டு கையையும் பலகையில் கட்டியிருந்தார்கள். நான் கத்தினேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளையும் கத்தியது. பிள்ளை சத்தம் வந்ததும் எல்லோரும் சந்தோஷமாகிவிட்டார்கள், என் சத்தம் யார் காதிலும் விழவில்லை.

இதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், பிள்ளை நன்றாக இருக்கிறான், நீயும் எழுந்து நடக்கிறாய், அப்புறம் என்ன என்பார்கள். ஐந்து வருஷம் ஆகியும், தட்டில் கரண்டி விழுந்தால் எனக்கு முதுகு வியர்க்கும்.

பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் தலையை நிமிர்த்தாமலே தேதி எழுதினார்.

"ரெண்டும் ஆபரேஷனா? மூணாவதும் அதுதான். இந்தத் தேதிக்கு வந்து படுத்துடு."

"டாக்டர், தானா வலி வந்து பெத்துக்க..."

"யாரு சொன்னா உனக்கு? தழும்பு கிழிஞ்சா ரெண்டு உயிர். பதில் சொல்ற ஆளு நான். அடுத்தது யாரு, வாங்க."

வெளியே நடையில், பிரஷர் பார்த்த நர்ஸ் என் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், இரண்டு ஆபரேஷனுக்கு அப்புறமும் சிலருக்கு முயற்சி செய்யவிடுகிறார், போய்ப் பார் என்றாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதே," என்றாள்.

போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் புதிது.

"நூறு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு உள்தழும்பு விட்டுடும். விட்டா நிமிஷக் கணக்குதான். அதனால இங்க மட்டும்தான், தியேட்டரும் ரத்தமும் தயாரா இருக்கறப்ப மட்டும்தான். சரி, ஏன் உனக்கு இது வேணும்?"

"சீக்கிரம் வேலைக்குப் போகணும் டாக்டரம்மா." அதுவும் பொய் இல்லை.

"கடைசி ஆபரேஷன் தாள் கொண்டு வா. முதல் வெட்டு எப்படி இருந்துச்சுன்னும் அதுலயே எழுதியிருப்பாங்க. வெளியில தெரியற தழும்பு எனக்கு ஒண்ணும் சொல்லாது. உள்ள கர்ப்பப்பையில எப்படி வெட்டினாங்கன்னு பார்க்கணும். படம் வரைஞ்சிருப்பாங்க. அடியில குறுக்கே கோடு இருந்தா முயற்சி பண்ணலாம். மேலேருந்து கீழே நெடுக்க இருந்தா நான் கை வைக்கமாட்டேன். தாள் இல்லைன்னாலும் மாட்டேன்."

சின்னவன் பிறந்தபோது எனக்கும் எழுத்துத் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. மூத்தவளின் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து நான் எழுத்துக்கூட்டக் கற்றது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. எழுத்துத் தெரியாத வீட்டில் தாளை எப்படிப் பிரிப்பார்கள்? முத்திரை இருந்தால் முக்கியமான தாள். முத்திரை இல்லாதது, பாத்திரத்துக்கு அடியில் விரிக்கிற தாள். அப்படித்தான் நாங்கள் பிரித்தோம்.

தகரப் பெட்டியைக் கொட்டினோம். வட்டமாக ஊதா முத்திரை குத்திய சீட்டு ஒன்றை ஐந்து வருஷமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தோம். இப்போது எழுத்துக்கூட்டிப் படித்தேன். நோயாளியைப் பார்க்க மாலை நான்கு முதல் ஆறு வரை ஒருவருக்கு அனுமதி என்று இருந்தது.

மறுநாள், சின்னவன் பிறந்த பழைய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவேட்டு அறையில் கேட்டேன். "அஞ்சு வருஷம் தாண்டினது எதுவும் இங்க இல்ல," என்று ஜன்னலைச் சாத்தினார்கள். எந்த வழியாக வீடு திரும்பினேன் என்று தெரியவில்லை. அந்தத் தேதி வரும், அந்தப் பலகை வரும், கையைக் கட்டுவார்கள். என் தலைக்குள் வேறு எதுவும் இல்லை.

ஒன்பது நாள் போனது. என் வீட்டுக்காரர் அதே கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். வழக்கமாகவே பேச்சுக் குறைவு, அந்த ஒன்பது நாளும் சுத்தமாக இல்லை. பத்தாம் நாள் பெரியக்கா ஒரு தோள் சாக்கை என் மடியில் எறிந்தாள். மூட்டை உறுத்தாமல் இருக்கத் தோளில் போட்டுக்கொள்ளும் மடித்த சாக்கு அது.

"ஏன்டி, உன் வீட்டுக்காரருக்கு என்னாச்சு? கைக்கெட்டின தூரத்துல பொண்டாட்டி இருக்க, என்கிட்ட தைக்கக் குடுத்துட்டுப் போறாரு. அதுவும் பிரிக்காம மேலாப்ல ரெண்டு தையல் போடணுமாம். உன் சொத்து, நீயே தை."

ஊசியைக் குத்தினேன். உள்ளே சரசரவென்றது. பிரித்தேன். நாலாக மடித்த தாள், வியர்வையில் மஞ்சளாகியிருந்தது. முத்திரை இல்லை. மேலே சின்னவன் பிறந்த தேதி. நடுவில் பேனாவால் ஒரு படம், கவிழ்த்த சுரைக்காய் மாதிரி. அடியில் குறுக்கே ஒரு கோடு.

மூட்டை அடுக்குக்குப் பின்னால் என் வீட்டுக்காரரை நிறுத்தித் தாளை நீட்டினேன்.

"இது எங்க இருந்துச்சு?"

"சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால. ஆடாம இருக்க நாமதான் மடிச்சு செருகியிருக்கோம்."

"எப்ப எடுத்தீங்க?"

"நீ பழைய ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு எழுத்துதான் தெரியாது. படம் தெரியும். சாக்கு மாதிரி போட்டு அடியில குறுக்கே கோடு போட்டிருக்கான். நெடுக்க கிழிஞ்சதைத் தைச்சா தாங்கும். அடியில குறுக்கே கிழிஞ்சது தாங்குமா? என் தோள்லயே எத்தனை மூட்டை அடி விட்டுக் கொட்டியிருக்கு? நீயே தைக்கறவதானே, உனக்குத் தெரியாதா?"

"அப்ப கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

"ஆஸ்பத்திரித் தாள். கை வரல."

"அட மனுஷா, அந்தக் கோடு இருந்தாத்தான் அந்தம்மா ஒத்துக்குவாங்க."

"அது தெரிஞ்சுதான் ஒளிச்சேன். வேலைக்குச் சீக்கிரம் வரணும்னு உயிரை விடுவியா? நான் கூட ரெண்டு லோடு தூக்கறேன். நீ பேசாம கத்திக்கே படு."

அப்போதுதான் சொன்னேன். ஊசி ஏறாதது, கத்தி தெரிந்தது, கத்தியது எல்லாம். அவர் சாக்கின் ஓரத்தை விரலால் உருட்டிக்கொண்டே நின்றார்.

"கையைக் கட்டியிருந்தாங்களா?"

"ஆமா."

"நான் வெளியில டீ குடிச்சிட்டிருந்தேன்," என்றார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றேன். தலையை ஆட்டினார்.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். சாக்குக் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"சாக்குக்கு அவர் சொல்றது சரிதான். ஆனா வலி வரும்போது இறுக்கிப் பிழியறது கர்ப்பப்பையோட மேல் பக்கம். அடிப்பக்கம் நெகிழ்ந்து குடுக்கும். அங்க போட்ட தையலுக்கு இழுப்பு கம்மி. கம்மின்னுதான் சொன்னேன், இல்லைன்னு சொல்லல. வந்து வந்து போற வலி நம்ம வலி. போகாம நிக்கிற வலி வந்தா அந்த நிமிஷமே சொல்லணும். புரியுதா?"

புரிந்தது.

நிறைமாதத்தில் ஒரு நாள் விடியும்போது வலி எடுத்தது. எட்டு மணிக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். வயிற்றில் பட்டை கட்டி, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை மிஷினில் ஓடவிட்டார்கள். டுக் டுக் டுக் என்று, அவசரமாக எங்கோ ஓடுகிறவர் கால் சத்தம் மாதிரி. அறையின் மறுகோடியில் ஒரு கதவு. அதன்மேல் தியேட்டர் என்று எழுதியிருந்தது. எழுத்துக் கற்றதற்காக நான் வருத்தப்பட்டது அன்று ஒருநாள்தான்.

வலி வரும், போகும். போனபின் வயிறு இளகும். ஒவ்வொரு தடவையும் இளகுகிறதா என்று கை வைத்துப் பார்த்தேன். பகல் பன்னிரண்டுக்குப் பாதி வழி வந்துவிட்டாய் என்றார்கள். இரண்டு மணிக்கு, இன்னும் கொஞ்சம்தான் என்றார்கள். மனசுக்குள் ஒரு சின்ன தைரியம் வந்தது.

மூன்று மணி இருக்கும். ஒரு வலி வந்து போனது. ஆனால் முழுதாகப் போகவில்லை. பழைய தழும்புக்குப் பின்னால், ஒரு விரல் அகலத்தில், சூடாக எதுவோ நின்றுவிட்டது.

சொல்ல வாய் எடுத்தேன். கதவு கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டேன். இடுப்பு உளைச்சலாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். அடுத்த வலி வந்து போனது. அது அங்கேயே நின்றது. "எப்படிம்மா இருக்கு?" என்றாள் நர்ஸ். "நல்லா இருக்கு சிஸ்டர்," என்றேன். மூன்றாவது வலி. அது போனபின், மிஷினில் ஓடுகிற கால் சத்தம் ஒரு இடத்தில் தடுக்கி, மெதுவாகி, மறுபடி ஓடியது.

"சிஸ்டர், வலி நிக்குது. போகமாட்டேங்குது," என்றேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டரம்மா வந்தார், தழும்பின்மேல் இரண்டு விரலை வைத்தார், நான் துள்ளினேன். "போதும். இனி காத்திருக்க வேணாம்," என்றார். கட்டிலை உருட்டினார்கள். நடையில் சுவரோரம் நின்ற என் வீட்டுக்காரர், கட்டிலின் இரும்பைப் பிடித்துவிட்டார். இரண்டு ஆள் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிற கை. கட்டில் நின்றது.

"விடுங்கய்யா, நேரம் இல்ல."

"விடறேன். போன தடவை இவளுக்கு ஊசி ஏறல. வெட்டினது தெரிஞ்சிருக்கு. கத்தியிருக்கா. யாரும் கேட்கல. இந்தத் தடவை கேளுங்க. அதைச் சொல்லாம நான் விடமாட்டேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இதை ஏன் முதல் நாளே சொல்லல?" என்றார். என் வீட்டுக்காரர் கையை எடுத்தார். கட்டில் ஓடியது.

தியேட்டரில் மயக்க டாக்டர் இளவயசுக்காரர். முதுகில் ஊசி போட்டுவிட்டு என் முகத்துக்கு நேரே குனிந்தார். "ஏறினாத்தான் வெட்டுவோம். ஏறலைன்னா தூங்க வச்சிடுவேன். தெரியத் தெரிய வெட்ட விடமாட்டேன். கையைக் கட்டப் போறதில்ல, ஆட்டாம வச்சுக்கோ."

ஸ்பிரிட் நனைத்த பஞ்சை முதலில் தோளில் வைத்தார், பிறகு வயிற்றில்.

"சில்லுன்னு இருக்கா?"

"இருக்கு."

மிஷின் சத்தம் மெதுவாகிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா கையுறை போட்ட கைகளை உயர்த்திக்கொண்டு காத்து நின்றார். என்னால்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிடலாமா? பிள்ளைக்காகச் சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இப்ப?"

"இருக்கு டாக்டர். கொஞ்சமா."

மருந்து மேலே ஏறட்டும் என்று மேசையைச் சற்றுத் தலைப்பக்கம் சாய்த்தார்கள். எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பத்தாறில் மறுபடி கேட்டார்.

"இப்ப?"

"இல்ல."

"நல்லா கிள்ளறேன், பாரு."

"கிள்ளினீங்களா?" என்றேன்.

"கிள்ளிட்டேன்," என்றார்.

பிள்ளை பிறந்ததும் உடனே அழவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அப்புறம் அழுதது. பெண்.

மறுநாள் டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார். "தழும்பு மெலிஞ்சு சவ்வு மாதிரி ஆகியிருந்துச்சு. நான் வெட்டறதுக்கு முன்னாடியே, அது வழியா குழந்தையோட தலைமுடி எனக்குத் தெரிஞ்சுது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா விட்டிருக்கும். வலி நின்ன உடனே சொன்னே பாரு, அதுதான் உங்க ரெண்டு பேரையும் காப்பாத்துச்சு."

"நான் சொன்னேன்ல டாக்டர், அடியில குறுக்கே கிழிஞ்சது..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். டாக்டரம்மா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைக் காட்டி, "வாயே திறக்காதவ. சரியான நேரத்துல திறந்துட்டா," என்றார் பெருமையாக.

நான் பிள்ளையின் துணியைச் சரியாகச் சுற்றினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் முத்திரை இல்லை. அடியில், எனக்காகத் தமிழில் இரண்டு வரி எழுதச் சொன்னேன். போன பிரசவத்தில் முதுகு ஊசி ஏறவில்லை, இந்த முறை பஞ்சு வைத்துப் பார்த்த பிறகே வெட்டப்பட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள் இப்போது பெட்டியில் மேலாக இருக்கிறது.

அதில் நான் மறைத்த மூன்று வலி இல்லை. அதை இங்கே எழுதியிருக்கிறேன். பிள்ளைக்கு இப்போது ஏழு மாதம், கருகருவென்று முடி. குளிப்பாட்டித் தலை துவட்டும்போது அந்த முடியில் விரல் பட்டால் இன்றும் என் கை நடுங்குகிறது. "குளிருதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ஆமாம் என்பேன்.