சிக்னலில் நின்றால் சூடாகிற வண்டி

எத்திராஜுக்குப் பிடித்த மெக்கானிக் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தன்தான். காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியில் தெரிவான். மற்றவன் எல்லாம் பிஸ்கோத்து. கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்து வண்டிக்கு என்ன நோவு என்று சொல்கிறவன் பிஸ்கோத்து. ஆவடியில் மூன்று லிஃப்ட் போட்டு ஷெட் வைத்திருக்கிறவன் பணக்கார பிஸ்கோத்து. வண்டியை வாங்கி ஓட்டுகிறவன் இருக்கிறானே, அவன் நமுத்துப்போன பிஸ்கோத்து. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் இருபத்திரண்டு வருஷமாக ஷெட் வைத்திருக்கிறவனுக்கு எவன் வந்து என்ன சொல்லித்தர முடியும்?

நமுத்தவர்களில் முதல் ஆள் சரவணக்குமார். தேனிப் பக்கத்துப் பையன், ஐ.டி. வேலை, ஏரியைப் பார்த்த அபார்ட்மென்டில் ஆறாவது மாடி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டான். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. உள்ளே உட்கார்ந்தால் முட்டி மூக்கில் இடிக்கும். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் வண்டியைக் கோணலாகத் திருப்பி, அடி தட்டாமல் அங்குலம் அங்குலமாக ஏற்றுவான். பின்னால் வருகிற தண்ணி லாரிக்காரன் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டுவான்.

"ஓடறதுக்கு ரோடு இல்லாத ஊருல பந்தயக் குதிரைய வாங்கி அவுத்து உட்டுக்கினு கீறான் பாரு" என்று எத்திராஜ் டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை. ஆனால் அந்தக் குதிரை தன் ஷெட்டில் நின்றால் போகிற வருகிறவன் எல்லாம் நின்று பார்ப்பான் என்பதால், வேலையை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிஸ்கோத்துக் கணக்கில் இரண்டாவது ஆள் தாட்சாயிணி. பக்கத்து ஷெட், வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். ஐ.டி.ஐ.யில் படித்தவள், முப்பத்தைந்து வயசு, பேச்சு கம்மி. மூன்று வருஷமாக அந்தப் பக்கம் போகிற ஆட்டோக்காரர்களை ஒவ்வொருத்தராகப் பிடித்து, இப்போதுதான் ஷெட் வாசலில் நாலு வண்டி நிற்கிற நிலைமைக்கு வந்திருக்கிறாள். அவளிடம் ஒரு வழக்கம். எந்த ஒயரை எதில் மாட்ட வேண்டும் என்பதற்கு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுவாள். டேப் சுற்றினால் சூட்டில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும், நெயில் பாலிஷ் காய்ந்துவிட்டால் நகத்தால் சுரண்டினாலும் வராது என்பாள்.

"வண்டிக்கு மருதாணி வெச்சி உடறா" என்பான் எத்திராஜ்.

இந்த இரண்டு ஷெட்டும் நிற்கிற மனை அப்பாவுவுடையது. உள்ளூர்க் குடும்பம், எழுபது வயசு. எத்திராஜுக்கு ரொம்ப நாளாக தாட்சாயிணியின் ஷெட்டின் மேல் ஒரு கண். அதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் இரண்டு வண்டி நிறுத்தலாம். ஒரு காரணம் கிடைக்கவில்லையே என்றுதான் காத்துக்கொண்டிருந்தான்.

காரணம் சிவப்புக் கலரில் வந்தது.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் அந்தக் காரின் ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் எரிந்துபோனது. அதே ஃபேன் கிடைக்கவில்லை. தாட்சாயிணி வேறொரு வண்டியின் ஃபேனை எடுத்து, ஃபிரேமில் பொருந்துகிற மாதிரி செய்து, பூஜைக்கு முந்தின நாள் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் இரண்டு ஒயரும் கறுப்பு.

"அண்ணாத்தே, ரெண்டும் ஒரே கலரு. செவப்புப் பொட்டு வெச்சது ப்ளஸ். மாத்திடாத" என்றாள்.

"எனக்குப் பாடம் எடுக்காத, வெச்சிட்டுப் போ" என்றான்.

மறுநாள் ஆயுத பூஜை. எத்திராஜ் மனுஷனை மதிக்காவிட்டாலும் ஆயுதத்தை மதிப்பவன். ஷெட்டில் இருந்த ஸ்பேனர், ஜாக்கி, வைஸ், ரிப்பேருக்கு வந்த கழட்டின சாமான் ஒன்று விடாமல் தின்னர் ஊற்றித் துடைத்து பளபளவென்று அடுக்கினான். ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். அப்பாவு வந்து உட்கார்ந்து பொரியும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டு, "ஒரு ஸ்க்ரூவ கூட உடல போலக்கீதே" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தப் பொட்டுகளை எத்திராஜ் துடைக்க மாட்டான். வேலையில் தானாகத் தேய்ந்து போனால்தான் உண்டு. பூஜை முடிந்த மறுநாள் ஃபேனை எடுத்து, சிவப்புப் பொட்டைப் பார்த்து, மாட்டி வண்டியை அனுப்பிவிட்டான்.

ஒரு வாரத்தில் சரவணக்குமார் திரும்பி வந்தான்.

"அண்ணே, பைபாஸ்ல போனா ஒண்ணுமில்ல. சிக்னல்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது. வானகரத்துல நின்னேன் பாருங்க, சிவப்பு வரைக்கும் போயிருச்சு. ஏ.சி.ய அமத்திட்டு, என்ஜின் சூடு எறங்கட்டும்னு ஹீட்டரப் போட்டு, வேர்வையில நனைஞ்சு வந்தேன்."

"ஓட்டத் தெரியணும் சார்" என்றான் எத்திராஜ்.

தெர்மோஸ்டாட்டை மாற்றினான். நின்றால் சூடு. கூலன்ட்டை இறக்கிப் புதுசு ஊற்றி, காற்றெல்லாம் வெளியேற்றினான். நின்றால் சூடு. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினான். வாட்டர் பம்ப்பைப் பிரித்துப் பார்த்தான். ஊஹூம். சரவணக்குமார் வேறு தினமும் ஃபோனில் ஏதாவது வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து நிற்பான். "அண்ணே, ஓடும்போது சூடாகாம நிக்கும்போது மட்டும் சூடானா காத்துதான் பிரச்சனைன்னு ஒருத்தர் சொல்றாரு."

"அவரு எந்த ஊரு ஏரிக்கரைல ஷெட்டு வெச்சிக்கினு கீறாரு?" என்று கேட்டு எத்திராஜ் அவன் வாயை அடைத்தான். "ஃபேன் சுத்துதா இல்லியா? கண்ணு தெரிதுல்ல?"

ஃபேன் சுற்றத்தான் செய்தது. விர்ரென்று சுற்றியது.

பக்கத்து ஷெட்டிலிருந்து தாட்சாயிணி எட்டிப் பார்த்து, "காத்து எந்தப் பக்கமா வருதுன்னு பாத்தியா அண்ணாத்தே? நான் வேணா ஒரு வாட்டி பாக்கறேன்" என்றாள்.

"என் ஷெட்டுக்குள்ள கால வெச்சின்னா மரியாத கெட்டுப்பூடும்" என்று கத்தினான். பொட்டச்சி வந்து காத்தைப் பற்றி அவனுக்குச் சொல்கிறாள்! அப்போதுதான் அவனுக்குப் பளிச்சென்று தோன்றியது. அட, ஃபேன் அவள் கொடுத்ததுதானே? கண்ட வண்டியின் ஃபேனைக் கொண்டுவந்து தலையில் கட்டினால் எப்படி இழுக்கும்?

சாயங்காலமே அப்பாவுவிடம் போய் நின்றான். "நைனா, அது வேலையால என் பேரு கெடுது. பார்ட்டி என்ஜினு வெந்து பூடும். அத மொதல்ல காலி பண்ணச் சொல்லு."

"ஞாயித்துக்கெழம காலைல நானே வரேன். ரெண்டு பேரும் இருங்க. தப்பு அது மேலன்னா மாசக் கடைசில சாவிய வாங்கிக்கறேன்" என்றார் அப்பாவு. தாட்சாயிணிக்கும் ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். அவள் கேட்டுக்கொண்டு, கையில் இருந்த ஆல்டர்னேட்டரைப் பிரிப்பதைத் தொடர்ந்தாள் என்றும், ஆனால் அன்றைக்கு டீ குடிக்கக்கூட வரவில்லை என்றும் டீக்கடையில் சொன்னார்கள். எத்திராஜுக்கு அதைக் கேட்க ரொம்ப இனிப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு எத்திராஜ் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பானெட்டைத் தூக்கிவிட்டு, ஐடிலிங்கில் விட்டான். முள் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. ஏறட்டும், இன்றைக்கு நன்றாக ஏறட்டும். சரவணக்குமாரை டீ வாங்கி வர அனுப்பினான். அவனே போகவேண்டும் என்று அவசியமில்லைதான். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவன் கையில் டீ டம்ளரைப் பார்ப்பதில் ஒரு திருப்தி.

வேலை நடக்கிற வண்டிக்கு முன்னால் காலையில் ஊதுபத்தி காட்டுவது அவன் வழக்கம். இரண்டு பத்தியைக் கொளுத்தி, காரின் மூக்குக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றினான். அந்த நேரம் பார்த்து ஃபேன் கிளம்பியது.

புகை அவன் மூஞ்சியில் அடித்தது.

எத்திராஜ் இருமினான். ஏரிக் காற்று போலிருக்கிறது என்று பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி காட்டினான். மறுபடியும் கிரில்லிலிருந்து சூடான காற்று புகையைத் தள்ளிக்கொண்டு அவன் கண்ணுக்கே வந்தது. கண் எரிந்தது. எரிகிற கண்ணோடு அப்படியே நின்றான். புகை உள்ளே அல்லவா போகவேண்டும்? வெளிக்காற்றை உள்ளே இழுக்கவேண்டிய ஃபேன், என்ஜின் சூட்டை எடுத்து வெளியே ஊதிக்கொண்டிருக்கிறது. தலைகீழாகச் சுற்றுகிறது. பைபாஸில் எதிர்க்காற்று வந்து காப்பாற்றிவிடும். சிக்னலில் யார் காப்பாற்றுவது?

"மாட்னா!" என்று வாய்விட்டுச் சொன்னான். ப்ளஸ்ஸை மைனஸ் என்று கொடுத்திருக்கிறாள்! சாவி வந்தாயிற்று.

என்ஜினை அணைத்துவிட்டு, குனிந்து டார்ச் அடித்து ஃபேன் ஒயரைப் பார்த்தான். சிவப்புப் பொட்டு இருந்தது, அவன் மாட்டின இடத்திலேயே. ஆனால் அந்தச் சிவப்புக்கு அடியில் மஞ்சளாக ஒரு வளையம் தெரிந்தது.

சந்தனம்.

நெயில் பாலிஷுக்கு அடியில் சந்தனம் எங்கேயிருந்து வரும்? தின்னர் போட்டுத் துடைத்தது அவன் கை. அவள் வைத்த பொட்டு தின்னரில் கரைந்து அந்தத் துணியோடு போய்விட்டது. பூஜைப் பொட்டை வைத்ததும் அவன் கை. அது போய் இன்னொரு ஒயரின் மேல் விழுந்திருக்கிறது. மறுநாள் சிவப்பைப் பார்த்து மாட்டினதும் இதே கைதான். இருபத்திரண்டு வருஷக் கை! தூ.

வாசலில் அப்பாவுவின் டி.வி.எஸ். சத்தம் கேட்டது. யோசிக்க நேரமில்லை, யோசிக்கவும் இல்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பொட்டை அழுத்தித் துடைத்தான். ஒயர் இரண்டும் கறுப்பு. சுத்தம்.

அப்பாவு வந்தார். சரவணக்குமார் டீயோடு வந்தான். தாட்சாயிணி வந்து ஷெட்டுக்கு வெளியிலேயே நின்றாள், உள்ளே கால் வைக்கவில்லை.

"இங்க பாரு நைனா" என்று எத்திராஜ் வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணி, ஊதுபத்தியை அவர் கையிலேயே கொடுத்தான். ஃபேன் கிளம்பியதும் புகை அவர் மூஞ்சிக்கு வந்தது. "பாத்தியா? ஃபேனு ரிவர்ஸ்ல சுத்துது. அதுவே தப்பா குடுத்துகீது. எது ப்ளஸ்ஸு, எது மைனஸ்ஸுன்னு தெரியாத பிஸ்கோத்தெல்லாம் எலெக்ட்ரிக்கு வேல பாத்தா இப்டித்தான்."

"நான் மார்க் வெச்சித்தான் குடுத்தேன்" என்றாள் தாட்சாயிணி.

"எங்க மார்க்கு? வா, வந்து பாரு. உள்ள வா, பரவால்ல. ஒரு பொட்டு கீதா காட்டு!"

வண்டியை அணைத்தான். அவள் உள்ளே வந்தாள், குனிந்தாள், டார்ச்சை வாங்கி இரண்டு ஒயரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அப்பாவு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எத்திராஜ் டார்ச்சைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான்.

அவள் டார்ச்சைக் கொடுக்கவில்லை. அதை அவன் கையின் மேலேயே அடித்தாள்.

"கட்டவெரல்ல இன்னாது அண்ணாத்தே?"

அவன் கையை இழுத்துக்கொண்டான். "காலைல சாமி கும்ட்டேன்."

"நெத்தில வெறும் விபூதிதானே கீது? குங்குமம் வெக்கறவன் கட்டவெரல்லயா வெப்பான்?" குரலை உயர்த்தவே இல்லை. "என் பொட்டு நெயில் பாலிஷு. தேச்சா வெரல்ல ஒட்டாது. இது மஞ்சளும் செவப்புமா, ஈரமா கீது. சந்தனமும் குங்குமமும். இப்பத்தான் தொடச்சிகீற."

அப்பாவு ஷெட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். வைஸில் பொட்டு. ஜாக்கியில் பொட்டு. சுவரில் வரிசையாகத் தொங்குகிற ஸ்பேனர் ஒவ்வொன்றிலும் பொட்டு. எல்லாம் மஞ்சள் மேல் சிவப்பு. பிறகு எத்திராஜின் கட்டைவிரலைப் பார்த்தார்.

"தப்பா மாட்னது ஒரு விஷயமே இல்லடா எத்திராஜு. பண்டிக நாளு, கை மாறிப் போச்சுன்னு சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன்" என்றார். "அத ஏன்டா தொடச்ச?"

எத்திராஜ் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

தாட்சாயிணி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒயர் இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டினாள். பையிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்து, ப்ளஸ்ஸில் ஒரு பொட்டு வைத்து, வாயால் ஊதிக் காயவைத்தாள். சரவணக்குமார் ஸ்டார்ட் பண்ணினான். கொஞ்ச நேரத்தில் ஃபேன் கிளம்பியது. அப்பாவு கையில் மிச்சமிருந்த ஊதுபத்திப் புகை நூல் பிடித்த மாதிரி கிரில்லுக்குள் போனது. கால் மணி நேரம் நாலு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது பாதி வரைக்கும் ஏறி, அங்கேயே நின்றது.

"காத்துதான்னு அன்னிக்கே சொன்னேன்ல அண்ணே" என்றான் சரவணக்குமார். குத்திக்காட்டவெல்லாம் இல்லை, சந்தோஷத்தில் சொன்னான். அதுதான் இன்னும் எரிந்தது. பிறகு சாவியைச் சுழற்றிக்கொண்டே, "அக்கா, ஏ.சி.யும் ஒருவாட்டி பாத்துடறீங்களா? உங்க ஷெட்டுக்கே கொண்டாந்துடறேன்" என்றான்.

"கொண்டாங்க" என்றாள்.

அப்பாவு டி.வி.எஸ்.ஸை உதைத்தார். சாவியைப் பற்றியோ மாசக் கடைசியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. எத்திராஜிடம் போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

தாட்சாயிணி கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வேஸ்ட் துணியை எத்திராஜ் பக்கம் நீட்டினாள்.

"வெரலத் தொடச்சிக்கோ அண்ணாத்தே" என்றாள்.

வாங்கித் துடைத்துக்கொண்டான். வாங்காமல் வேறென்ன செய்வான்?